கைப்பேசியில் நாணய வியாபாரம்: புதியவர்கள் அறிய வேண்டியவை

(கோல சிலாங்கூர், வட சிலாங்கூர்த் தோட்டத் தொழிலாளர், அலுவலகப் பணியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனவர்களும், மாலை வரை செக்ரோலோடு மல்லுக்கட்டியவர்களும் இன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட நமது பழைய பத்தாங் பெர்ஜுந்தை, அப்பால் உலு சிலாங்கூர் என்று பல இடங்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் தாமான் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் எங்கே போனாலும், யாரிடம் கேட்டாலும், கையில் ஒரு கைப்பேசி இருக்கிறது. அந்தக் கைப்பேசியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

"பிட்காயின் என்கிறார்களே, நம்ம பையன்கூட அதில் பணம் போட்டிருக்கிறான், நாங்களும் போடலாமா?" என்று நம்மிடம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். போடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. போடாதீர்கள் என்று அதட்டவும் வரவில்லை. அதட்டினால் என்ன ஆகும்? நமக்குத் தெரியாமல் போடுவார்கள். நமக்குத் தெரியாமலே ஏமாறுவார்கள். வெட்கத்தால் வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆகவே அந்தச் செயலியை, பிள்ளைகள் 'ஆப்' என்று சொல்கிறார்களே அதை, எப்படித் திறப்பது, எந்தப் பொத்தான் என்ன செய்யும், எதை முதலில் தொடவேண்டும், எதைத் தொடவே கூடாது என்று முறையாகச் சொல்லிக் காட்டுவதே நலம் என்று தீர்மானித்தோம்.

இதில் என்ன அவசரம் என்று கேட்கலாம். அவசரம் இருக்கிறது. முன்பெல்லாம் சேமநிதிப் பணத்தைப் பெரும்பாலும் ஐம்பது வயதிலும் ஐம்பத்தைந்து வயதிலும்தான் கண்ணால் பார்க்க முடியும். 2024ஆம் ஆண்டு மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்துவிட்டது. புதிதாகச் சேரும் சந்தாவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அதில் விழுகிறது. 50 வெள்ளி இருந்தாலே போதும், வீட்டில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் எடுத்துக்கொள்ளலாம். மருந்துக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் அது பெரிய உதவிதான். அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் கிழட்டுப் பருவத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கொடுக்கும் செயலியும், அந்தப் பணத்தை விழுங்கக் காத்திருக்கும் செயலியும் இன்று ஒரே கைப்பேசியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு விரலகலம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025 பிப்ரவரியில்தான் வந்தது. அந்த வருமானத்தில் ஆயிரம் வெள்ளி போனால் எத்தனை மாத மளிகை போயிற்று என்று தாய்மார்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

சரி, இந்த நாணயம் என்பது யாது? கிராணிமார்களுக்கு ஒரே வார்த்தையில் விளங்கும்: அது ஒரு செக்ரோல். நமது தோட்டத்தில் செக்ரோல் ஒரே ஒரு புத்தகம். ஒருவர் கையில் இருக்கும். அவர் அடித்து எழுதினால் ஒரு நாள் பேர் போய்விடும். பிட்காயின் கணக்கு அப்படி அன்று. ஒரே செக்ரோலின் பிரதி உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. இன்னாரிடமிருந்து இன்னாருக்கு இவ்வளவு போயிற்று என்று எல்லாவற்றிலும் ஒன்றுபோலப் பதிவாகிறது. ஒருவர் தனியாக அடித்து எழுத முடியாது. சத்தோஷி நக்கமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ 2008இல் இந்த யோசனையை எழுதி வெளியிட்டார்கள். 2009 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பிட்காயின் உண்டாகாது என்பது அதன் விதி. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடித் துண்டாக்கலாம். அதனால்தான் லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் பொருளைச் சில வெள்ளிக்கும் வாங்க முடிகிறது.

அதன் பின்னால் நிலம் இல்லை, மரம் இல்லை. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் முன்னோர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டம் வாங்கினார்கள். சந்தேகம் வந்தவர் பஸ் ஏறிப் போய் மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். இங்கே தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அடுத்தவர் என்ன விலைக்கு வாங்கத் தயாரோ அதுவே விலை. பேங்க் நெகாரா இதைச் சட்டப்படியான பணமாக ஏற்கவில்லை. வங்கியில் போட்ட பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டல்லவா, அது இதற்குக் கிடையாது.

விலை ஏறி இறங்கும் வேகத்தையும் கேளுங்கள். ரப்பர் விலையின் ஏற்ற இறக்கத்தில் பிறந்து வளர்ந்த நமக்கே இது மலைப்பாக இருக்கும். 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 69,000 அமெரிக்க டாலர். சரியாக ஓராண்டு கழித்து 16,000க்கும் கீழே. உச்சத்தில் ஆயிரம் வெள்ளி போட்டவருக்குக் கால் பங்கே மிஞ்சியது. பிறகு 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 126,000 வரை ஏறியது. அடுத்த மாதமே 90,000க்குக் கீழே வந்தது. இதுவாவது பிட்காயின். 2022 மே மாதத்தில் லூனா என்ற நாணயம் எண்பது டாலரிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஒரு காசுக்கும் பெறாததாகப் போயிற்று. (லூனா என்ற நாணயம் வேறு, லூனோ என்ற வியாபாரத் தளம் வேறு. ஓர் எழுத்துதான் வித்தியாசம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இனி செயலிக்கு வருவோம்.

கைப்பேசியைத் தொடுமுன் பார்க்கவேண்டியது, கடைக்கு உரிமம் இருக்கிறதா என்பது. 2019 ஜனவரி 15 முதல் இந்த நாட்டில் மின்னியல் நாணயங்கள் பங்குப் பத்திரங்களைப்போல் கருதப்படுகின்றன. 'சுருஹான்ஜாயா செக்குரித்தி' எனப்படும் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிந்த தளங்கள் மட்டுமே இங்கே இந்த வியாபாரத்தை நடத்தலாம். 2019 ஜூனில் முதன்முதல் லூனோ, சினேஜி, டோக்கனைஸ் என்று மூன்றுக்கு அனுமதி கிடைத்தது. பின்னர் வேறு சிலவும் சேர்ந்தன. இந்தப் பட்டியல் மாறக்கூடியது. ஆகவே இங்கே நாம் சொன்ன பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். பணம் போடும் அன்றைக்கு ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பட்டியலைப் பாருங்கள். அங்கேயே எச்சரிக்கைப் பட்டியல் என்று இன்னொன்றும் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

"உலகமெல்லாம் பேர்போன கம்பெனியாயிற்றே!" என்பது உரிமம் ஆகாது. உலகப் புகழ்பெற்ற பைனான்ஸ் தளம் 2021 ஜூலையிலும், ஹுவோபி 2023 மே மாதத்திலும், பைபிட் 2024 டிசம்பரிலும், பதிவில்லாமல் இங்கே வியாபாரம் செய்ததற்காக நிறுத்தும்படி ஆணையத்தால் உத்தரவிடப்பட்டன. பெரிய லோரியாக இருந்தாலும் ரோட்டு வரி கட்டாமல் ஓட்டக்கூடாதல்லவா?

அடுத்தது, செயலியை எங்கிருந்து எடுப்பது. கைப்பேசியிலேயே இருக்கும் அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டுமே எடுக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு சங்கிலி எழுத்து அனுப்பி, "இதை அமுக்குங்கள், ஆப் இறங்கும்" என்று யார் சொன்னாலும், அவர் உங்கள் மைத்துனராகவே இருந்தாலும், அமுக்காதீர்கள். அப்படி இறங்கும் 'ஏ.பி.கே.' கோப்பு உங்கள் கைப்பேசிக்குள் குடிபுகுந்து வங்கியிலிருந்து வரும் செய்திகளையெல்லாம் வாசிக்கும். அது நாணய வியாபாரத்தில் நட்டமானதாகக்கூட இராது. வங்கிக் கணக்கே துடைக்கப்பட்டுவிடும்.

செயலியைத் திறந்ததும் பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண் கேட்கும். அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுக்கச் சொல்லும். உங்கள் முகத்தைக் காட்டச் சொல்லும். பதிவுபெற்ற தளம் இதைக் கேட்டே ஆகவேண்டும். கேட்காத தளத்தின்மேல்தான் சந்தேகம் வரவேண்டும். கடவுச்சொல் ஒன்று வைப்பீர்கள். அதற்குமேல் ஒவ்வொரு முறையும் மாறும் ஆறிலக்க எண் ஒன்றும் வைத்துக்கொள்ள வசதியிருக்கும். அந்த இரண்டாவது பூட்டை அவசியம் போடுங்கள். அந்த எண்ணை யாரிடமும் சொல்லலாகாது. "நாங்கள் கம்பெனியிலிருந்து பேசுகிறோம், எண்ணைச் சொல்லுங்கள்" என்று தமிழில் இனிமையாகப் பேசுகிறவர் கம்பெனியிலிருந்து பேசவில்லை.

இப்போது திரையில் சில சொற்கள் தெரியும். 'டெபாசிட்' என்றால் வங்கியிலிருந்து பணம் உள்ளே போவது. 'பை' வாங்குவது, 'செல்' விற்பது. 'வாலட்' என்பது உங்கள் பை. எந்த நாணயம் எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று காட்டும். 'சென்ட்' நாணயத்தை நாணயமாகவே வேறொருவருக்கு அனுப்புவது. 'வித்ட்ரா' என்றால் வெள்ளியை மீண்டும் உங்கள் வங்கிக்கு எடுப்பது.

தோழர்களே, எல்லோரும் முதலில் 'பை' என்ற பொத்தானுக்குத்தான் விரலைக் கொண்டுபோகிறார்கள். நாம் சொல்வது வேறு. முதல் நாளில் ஐம்பது வெள்ளி மட்டும் உள்ளே போடுங்கள். ஒன்றும் வாங்காதீர்கள். உடனே 'வித்ட்ரா'வை அமுக்கி அந்த ஐம்பது வெள்ளியை உங்கள் வங்கிக்கே திரும்ப எடுங்கள். எத்தனை நாள் ஆகிறது, எவ்வளவு கழிவு, எந்தக் கணக்குக்கு வருகிறது என்று பாருங்கள். உள்ளே போகும் கதவு எந்தக் கடையிலும் அகலமாகத்தான் இருக்கும். வெளியே வரும் கதவு எவ்வளவு அகலம் என்று பார்த்த பிறகே மற்ற வேலை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? நமது சமூகம் இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். சேர்ந்தது 10 கோடியே 60 லட்சம் வெள்ளி. அதில் தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர்! நகையை அடகு வைத்து வாங்கியவர்களும் உண்டு. பங்குப் பத்திரம் கையில் இருந்தது. சிலர் சாமி படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியும் வைத்தார்கள். ஆனால் அந்தப் பங்கு பங்குச் சந்தைக்கு வரவேயில்லை. கலியாணத்துக்குப் பணம் வேண்டும், விற்கலாம் என்று நினைத்தவருக்கு, விற்பதற்கு இடம் இல்லை. ஒரு வெள்ளிப் பங்கை 80 காசுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் முன்வந்தது 2010இல். இருபத்தெட்டு ஆண்டுகள்! வாங்கியவர்களில் பலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். யார் மீது குற்றம் என்ற வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. அது வேறு மேடைக்குரியது. வாங்கும்போது "இதை எங்கே, எப்படி விற்பது?" என்று கேட்கத் தவறினோம் என்பதே இன்றைய பேச்சுக்கு வேண்டியது.

அது நம்மவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 1986இல் இந்நாட்டில் வைப்புப் பணம் வாங்கிவந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் பணம் எட்டாததாயிற்று. பெரும்பாலோர் சீன சமூகத்துச் சிறு வியாபாரிகளும் உழைப்பாளிகளும். 2022 நவம்பரில் எப்.டி.எக்ஸ். என்ற உலகப் பெருந்தளமும் அப்படித்தான்: முதலில் பணம் எடுப்பதை நிறுத்தியது, சில நாளில் திவால் மனுப் போட்டது. அதுவரையில் அதன் திரையில் வாடிக்கையாளர்களின் தொகையெல்லாம் சரியாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது.

திரையில் தெரியும் தொகையைப் பற்றியும் ஒரு சொல். பால் வெட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். வாளி நிறையப் பால் கொண்டுபோகிறோம். ஸ்டோரில் அந்த எடைக்கா சம்பளம்? மெட்ரோலாக் விட்டுப் பார்த்து, நூற்றுக்கு முப்பதோ நாற்பதோ உலர் ரப்பர் என்று கணக்குப் போட்டுத்தானே தருகிறார்கள்? மழை பெய்த அன்று வாளி நிறைந்திருக்கும், கணக்கு மெலிந்திருக்கும். செயலியின் திரையில் பச்சை எழுத்தில் மினுங்கும் தொகை வாளிப் பால். விற்று, கழிவு போக, வங்கிக்கு வந்து சேர்ந்ததே உலர் ரப்பர். "எனக்கு எட்டாயிரம் லாபம்" என்று ஒருவர் திரையைக் காட்டினால், "வங்கிக்கு எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள்.

இனி வாங்கும் முறை. ஒட்டுப்பால் விற்றவர்களுக்குத் தெரியும், தவுக்கே வாங்கும் விலை ஒன்று, அவர் விற்கும் விலை ஒன்று. செயலியிலும் அப்படியே. ஒரே நிமிஷத்தில் 'பை' விலையும் 'செல்' விலையும் வேறு வேறு. உடனடியாக வாங்கும் பொத்தானில் வசதி அதிகம், இடைவெளியும் அதிகம். ஒரு சோதனை செய்யுங்கள்: நூறு வெள்ளிக்கு வாங்குவதுபோல் எழுதி, உறுதிசெய்யாமல் எவ்வளவு நாணயம் கிடைக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள், அதே அளவு நாணயத்தை விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று 'செல்' பக்கத்தில் பாருங்கள். தொண்ணூற்றேழு என்று காட்டினால், மூன்று வெள்ளி அப்போதே போயிற்று. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வாங்கி விற்கிறவருக்கு யார் லாபம் சம்பாதிக்கிறார் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இன்னொரு முறை இருக்கிறது. சந்தைப் பக்கம் என்று ஒன்று திறக்கும். ஒரு பக்கம் வாங்க நிற்பவர்களின் விலை, மறுபக்கம் விற்க நிற்பவர்களின் விலை, வரிசையாகத் தெரியும். அங்கே 'மார்க்கெட் ஆர்டர்' என்றால், "இப்போது என்ன விலையோ கொடு" என்பது. 'லிமிட் ஆர்டர்' என்றால், "இன்ன விலைக்கு வந்தால் எடு, வராவிட்டால் வேண்டாம்" என்பது. புதியவர்களுக்கு இரண்டாவதே நல்லது. ஆள் நடமாட்டம் குறைந்த சிறு நாணயங்களில் 'என்ன விலையோ கொடு' என்று சொல்வது, பேரம் பேசத் தெரியாதவன் பசார் மாலாமில் பணப்பையைத் திறந்து காட்டுவதற்குச் சமம். விலை எழுதும்போது புள்ளி எங்கே இருக்கிறது என்று இருமுறை பாருங்கள். 0.01க்கும் 0.001க்கும் இடையே பத்து மடங்கு.

இந்தச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, தீபாவளி இல்லை, இரவு இல்லை. பங்குச் சந்தை மாலையில் மூடிவிடும், இது மூடுவதில்லை. விடியற்காலை நான்கரைக்கு எழவேண்டியவர் இரவு இரண்டு மணிவரை திரையைப் பார்த்திருந்தால், மறுநாள் கத்தி மரத்தில் எங்கே போகும்? பட்டை காயமானால் மண்டோர் சும்மா விடுவாரா? விலை மாறினால் மணியடிக்கும் அறிவிப்பை நிறுத்தி வைக்கும் வசதி செயலியிலேயே இருக்கிறது, நிறுத்தி வையுங்கள். விழுந்த கணக்கும் ஏறிய கணக்கும் ஒன்றல்ல என்பதையும் மறவாதீர்கள். ஆயிரம் வெள்ளி நூற்றுக்கு ஐம்பது விழுந்தால் ஐந்நூறு. அது நூற்றுக்கு ஐம்பது ஏறினால் எழுநூற்றைம்பதுதான், ஆயிரம் அன்று. இதைத் தெரியாமல் "விட்டதைப் பிடிக்கிறேன்" என்று ஆலோங்கிடம் கடன் வாங்கிப் போடுகிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

'சென்ட்' பொத்தானைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். வங்கியில் தவறான கணக்குக்குப் போனால் மனுக்கொடுத்துப் பார்க்கலாம். இங்கே நீண்ட எழுத்துக் கோவையாக ஒரு முகவரி இருக்கும். தவறான முகவரிக்கு அனுப்பினாலும், வேறு வலையமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும், அனுப்பியது பெரும்பாலும் போனதுதான். மீட்டுத்தர மேலாளர் எவரும் இல்லை. மோசடிக்காரர்கள் உரிமம் பெற்ற தளத்திலேயே உங்களை வாங்கச் செய்து, பிறகு "எங்கள் தளத்துக்கு அனுப்புங்கள்" என்று இந்தப் பொத்தானைத்தான் அமுக்கச் சொல்கிறார்கள். கடை நல்ல கடை. சரக்கும் நல்ல சரக்கு. ஆனால் கடை வாசலிலேயே பையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

இப்போது போலிச் செயலியைப் பற்றி. இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறோம். நம்மவர் பணத்துக்கு விலை ஏற்ற இறக்கத்தைவிட இதுவே பெரிய அபாயம் என்பது நமது கருத்து. டெலிகிராமில் ஒரு குழு. அதில் இருநூறு பேர். "இன்று எனக்கு ஆயிரம் வந்தது, நன்றி ஐயா" என்று ஆளுக்கு ஆள் எழுதுவார்கள். அந்த இருநூறு பேரில் நிஜ ஆள் நீங்கள் ஒருவராகவே இருக்கக்கூடும். நமது தாய்மார்கள் முன்பு லயத்தில் கூட்டு பிடித்தார்கள். அதற்கே 1971இல் தடைச் சட்டம் வந்தது. அந்தக் கூட்டிலாவது கூட்டுக்காரியின் வீடு எந்த லயத்தில், எத்தனாவது கதவு என்று தெரியும். இந்தக் குழுத் தலைவரின் வீடு எங்கே?

ஒரு முனியம்மா என்று வைத்துக்கொள்வோம். முந்நூறு வெள்ளி போடுகிறார். இரண்டு நாளில் திரையில் நானூற்றைம்பது. எடுத்துப் பார்க்கிறார், வங்கிக்கு வந்துவிடுகிறது! கவனியுங்கள், வந்துவிடுகிறது. தூண்டிலில் புழுவை மாட்டுவதுபோல அந்த நூற்றைம்பதை அவர்களே கொடுக்கிறார்கள். ஆகவே ஐம்பது வெள்ளிச் சோதனை மட்டும் போதாது. உரிமம் முதலில், சோதனை அதன் பிறகு; இரண்டும் வேண்டும். நம்பிக்கை வந்த முனியம்மா சேமநிதியை எடுக்கிறார், தாலிக்கொடியை அடகு வைக்கிறார், எட்டாயிரம் போடுகிறார். திரையில் இருபதாயிரம் தெரிகிறது. எடுக்கப் போனால், "வரி இரண்டாயிரம் கட்டுங்கள், பிறகு எடுக்கலாம்" என்கிறார்கள். கட்டினால், "கணக்கு முடங்கியிருக்கிறது, திறக்க ஆயிரம்" என்கிறார்கள். உங்கள் பணத்தை உங்களிடம் தருவதற்கு மேலும் பணம் கேட்பவர் கள்வர். இதில் ஐயமே வேண்டாம். வருமான வரி கட்டவேண்டியிருந்தாலும் அதை வரி இலாகாவுக்குத்தான் கட்டுவோம். குழுத் தலைவரின் கணக்குக்குக் கட்டமாட்டோம்.

இன்னோர் அடையாளமும் சொல்கிறோம். பணம் போடச் சொல்லும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுபெற்ற தளம் உங்கள் சொந்தப் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலிருந்து, நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வாங்கும். யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' பக்கத்தில் போட்டால், அதன்மீது புகார்கள் இருக்கின்றனவா என்று தெரியும். புகார் இல்லை என்று காட்டினாலும் முழு நிம்மதி வேண்டாம். நேற்றுத் திறந்த கணக்காக இருக்கலாம்.

அந்தத் தனி ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? பல சமயம் நம்மைப்போல் ஓர் ஏழை. "ஏ.டி.எம். அட்டையைக் கொடு, மாதம் முந்நூறு தருகிறேன்" என்று சொல்லி வாங்கிப்போயிருப்பார்கள். இளைஞர்களே, இதை நன்றாகக் கேளுங்கள்: 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் சேர்க்கப்பட்டுவிட்டன. அட்டையைக் கடன் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டி வரும்.

கிராணிமார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். தோட்டத்தில் படிவம் நிரப்ப, கடிதம் வாசிக்க, சேமநிதிச் செயலியைத் திறந்து கொடுக்க எல்லோரும் உங்களிடம்தான் வருகிறார்கள். அது உங்களுக்குள்ள மதிப்பு. அந்த மதிப்பினால் ஓர் ஆபத்தும் உண்டு. "ஐயா, உங்கள் பெயரிலேயே வாங்கி வையுங்கள், பிறகு எனக்குக் கொடுங்கள்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் வைத்தால், விலை ஏறினாலும் சண்டை, இறங்கினாலும் சண்டை. கற்றுக்கொடுங்கள், விரல் அவருடையதாகவே இருக்கட்டும். கடவுச்சொல்லை அவர் எழுதும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். ஆளைச் சேர்த்தால் உங்களுக்கு இவ்வளவு என்று எந்தச் செயலி சொன்னாலும், தோட்டத்து ஆட்களை அதில் சேர்த்துவிட வேண்டாம்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிஷத்தில் செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். 997 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 2022 அக்டோபர் முதல் இதற்காகவே இயங்குகிறது. உங்கள் வங்கியையும் அழையுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போகுமுன் தடுக்க முடிந்தால்தான் உண்டு. ஆகவே நாளைக்குப் பெரட்டு முடிந்து பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. குழுவில் வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். கணக்கு எண், பெயர், தொகை, நேரம் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். சில நாள் கழித்து "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், ஐந்நூறு கட்டுங்கள்" என்று வேறொருவர் அழைப்பார். அவரும் அதே கூட்டத்து ஆள்தான்.

கூட்டம் கலைந்தபின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் இருப்போம். செயலியைக் காட்டிக் கேட்க விரும்புகிறவர்கள் கைப்பேசியோடு வரலாம். ஆணையத்தின் பட்டியலில் அது இருக்கிறதா என்று சேர்ந்தே பார்ப்போம். கடவுச்சொல்லை மட்டும் எங்களிடமும் சொல்ல வேண்டாம்.